அளந்த வானமும் கணக்கிட்ட வானமும் ஒத்துப்போகாதபோது: நுண்ணலைக் கதிர்வீச்சுமானிக்கான பிழை நீக்கும் வழிமுறை

தரையில் நிறுத்தி வானத்தை நோக்க வைக்கும் நுண்ணலைக் கதிர்வீச்சுமானி, வளிமண்டலத்திலுள்ள நீராவியும் ஆக்சிஜனும் மேகநீரும் வெளியிடும் மெல்லிய கதிர்வீச்சை அளந்து, அதை ஒளிர்வு வெப்பநிலையாக, அதாவது அதே அளவு கதிர்வீசும் கரும்பொருளின் வெப்பநிலையாக, கெல்வினில் தருகிறது. அதே இடத்தில் அதே நேரத்தில் பறக்கவிட்ட ரேடியோசாண்ட் பலூனின் வெப்பநிலை, ஈரப்பதம், அழுத்தம் ஆகியவற்றை கதிர்வீச்சு வளிமண்டலத்தைக் கடக்கும் விதத்தைக் கணக்கிடும் ஒரு கதிர்ப்பரிமாற்ற மாதிரிக்குள் செலுத்தினால், கருவி எவ்வளவு காட்டியிருக்க வேண்டும் என்பது கணக்காகக் கிடைக்கும். இந்த இரண்டு எண்களும் அரிதாகவே முழுமையாக ஒத்துப்போகும். நீராவிக்கென 22 முதல் 31 கிகாஹெர்ட்ஸ் வரையிலும், வெப்பநிலைக்கென 51 முதல் 58 கிகாஹெர்ட்ஸ் வரையிலும் அலைவரிசைகள் கொண்ட ஹாட்ப்ரோ போன்ற கருவிகளை மனத்தில் வைத்து இந்த வழிமுறையை எழுதுகிறேன். செயற்கைக்கோள் கருவிகளுக்கே உரிய சில அறிகுறிகள் இறுதியில் உள்ளன.

வேறுபாட்டைக் கண்டவுடன் அதன் சராசரியைக் கணக்கிட்டு, எல்லா அளவீடுகளிலிருந்தும் கழித்துவிட்டு அடுத்த வேலைக்குச் செல்லும் பழக்கம் பரவலாக உள்ளது. இதை நான் ஏற்பதில்லை. காரணம் தெரியாமல் போட்ட திருத்தம், அது கணக்கிடப்பட்ட பருவத்தில் மட்டுமே பொருந்தும். ஈரமான மாதங்களில் எடுத்த திருத்தத்தை வறண்ட மாதங்களில் பயன்படுத்தினால், நீராவி அளவில் இல்லாத ஒரு மாற்றத்தை நாமே உண்டாக்கிவிடுவோம். ஆகவே வேறுபாடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன், அது எதைப் பொறுத்து மாறுகிறது என்று கேட்க வேண்டும். காணப்படும் ஒளிர்வு வெப்பநிலையைப் பொறுத்து மாறுகிறதா, அலைவரிசையைப் பொறுத்தா, ஏற்றக்கோணத்தைப் பொறுத்தா, நேரத்தைப் பொறுத்தா என்பது தெரிந்துவிட்டால், தேட வேண்டிய இடம் பெரும்பாலும் ஒன்றாகச் சுருங்கிவிடும்.

தொடங்குமுன் மூன்று ஏற்பாடுகள் தேவை. ஏற்பியின் மூல மின்னழுத்த அளவுகளும் கருவியின் உள்வெப்பநிலைகளும் சேமிக்கப்பட்டிருக்க வேண்டும். ஒளிர்வு வெப்பநிலை மட்டும் இருந்தால் கீழே சொல்லும் பாதிச் சோதனைகளைச் செய்யவே இயலாது. ஒப்பீட்டுக்கு மேகமற்ற நேரங்களை மட்டும் எடுக்கவும், ஏனெனில் திரவ மேகத்தின் நீரளவைப் பலூன் அளப்பதில்லை. மேலும், இங்கு வேறுபாடு என்று சொல்வதெல்லாம் அளவீட்டிலிருந்து கணக்கைக் கழித்த எண். இதன் குறியே பல இடங்களில் முடிவைச் சொல்லிவிடும் என்பதால் அதை மாற்றிக்கொள்ள வேண்டாம்.

அறிகுறி: குளிர்ந்த வானத்தில் வேறுபாடு பெரிது, வெப்பமான வானத்தில் ஏறத்தாழச் சுழி

58 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை சரியாக இருக்கிறது. 31 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை இரண்டு கெல்வின் விலகி நிற்கிறது. இந்தத் தோற்றம் குளிர் இலக்கைத்தான் சுட்டுகிறது. இலக்கு என்பது, வெப்பநிலை தெரிந்த, கருவிக்குக் காட்டும் கரும்பொருள். அளவுத்திருத்தம் என்பது இரண்டு புள்ளிகள் வழியே வரையும் நேர்கோடு: ஒன்று ஏறத்தாழ 300 கெல்வினில் உள்ள வெப்ப இலக்கு, மற்றொன்று திரவ நைட்ரஜனில் அமிழ்ந்த இலக்கு. தெளிந்த வானமோ 31 கிகாஹெர்ட்ஸில் திரவ நைட்ரஜனை விடவும் மிகக் குளிர்ந்தது. எனவே கோட்டை அதன் கீழ்முனைக்கு அப்பாலும் நீட்டிப் படிக்கிறோம். குளிர் இலக்கில் 1 கெல்வின் பிழை இருந்தால், 15 கெல்வின் வானத்தில் அது ஏறத்தாழ 1.3 கெல்வினாகப் பெருகும். 300 கெல்வினுக்கு அருகில் காணும் அலைவரிசையில் அதே பிழை கண்ணுக்கே தெரியாது.

அடுத்துக் குறியைப் பார்க்கவும். அளவீடு கணக்கைவிடக் குறைவு என்றால், குளிர் இலக்கு நாம் எழுதிக்கொண்ட வெப்பநிலையைவிட உண்மையில் வெப்பமாக இருந்திருக்கிறது. இதற்கு முதற்காரணம் திரவத்தின் மேற்பரப்பில் நிகழும் எதிரொளிப்பு. திரவ நைட்ரஜனின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.2 என்பதால், செங்குத்தாக நோக்கும்போது மேற்பரப்பு 0.8 விழுக்காடு அளவுக்கு எதிரொளிக்கிறது. அந்தச் சிறு பங்கு, 77 கெல்வின் இலக்குக்குப் பதிலாக 300 கெல்வினில் இருக்கும் ஏற்பியின் வாயையும் சுற்றுப்புறத்தையும் காட்டுவதால், இலக்கு 1.8 கெல்வின் கூடுதலாக ஒளிர்கிறது. மென்பொருள் இதைச் சேர்த்துக்கொள்கிறதா என்பதைக் கையேட்டில் உறுதிசெய்யவும். சில கருவிகளில் இலக்கின் வடிவமைப்பே இந்த எதிரொளிப்பைத் தவிர்த்துவிடுகிறது. அந்த இலக்குக்குப் பழைய திருத்தத்தையும் சேர்த்துப் போட்டால் பிழை எதிர்ப்பக்கம் புரளும். இரண்டாவது காரணம் திறந்த கொள்கலனில் நெடுநேரம் நின்ற நைட்ரஜன்: காற்றிலுள்ள ஆக்சிஜன் 90 கெல்வினிலேயே திரவமாகும் என்பதால், அது மெல்ல நைட்ரஜனில் கரைந்து கொதிநிலையை உயர்த்துகிறது. இப்படி ஆக்சிஜன் கலந்து நீலம் பாரித்த திரவத்தைக் கொண்டு அளவுத்திருத்தம் செய்யவே கூடாது. மூன்றாவது, இலக்கின் மீதும் பாலிஸ்டைரின் பெட்டியின் அடிப்புறத்திலும் படியும் ஈரம். ஈரப்பதம் மிகுந்த கடற்கரை நிலையங்களில் இது சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும். உலர்ந்த காற்றை இடைவெளியில் ஊதிக்கொண்டே அளப்பது இங்கே கட்டாயம்.

மாறாக, அளவீடு கணக்கைவிடக் கூடுதல் என்றால் முதலில் அழுத்தத்தைப் பார்க்கவும். திரவ நைட்ரஜனின் கொதிநிலை 1013 ஹெக்டோபாஸ்கலில் 77.4 கெல்வின், அழுத்தம் 800 ஹெக்டோபாஸ்கலாக உள்ள மலைநிலையத்தில் அது ஏறத்தாழ 75.3 கெல்வினுக்கு இறங்கிவிடும். வானிலை அறிக்கையில் வரும் அழுத்தம் கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். அதை எடுத்து மென்பொருளில் இட்டால், மலையில் இரண்டு கெல்வின் பிழை அந்த ஒரே வரியால் வந்துவிடும். நிலையத்தில் உள்ள அழுத்தமானி காட்டும் எண்ணையே இட வேண்டும். அந்த அழுத்தமானியையும் ஆண்டுக்கொருமுறை வேறொன்றுடன் ஒப்பிட வேண்டும்.

அறிகுறி: குளிர் இலக்கை நோக்கும்போதே மின்னழுத்தம் அலைபாய்கிறது

இலக்கை வைத்துவிட்டு மூல மின்னழுத்தத்தை நேரத்துக்கு எதிராக வரைந்து பார்த்தால், நைட்ரஜன் ஆவியாகி மட்டம் இறங்க இறங்க, கோடு சீராக ஏறி இறங்குவதைச் சில கருவிகளில் காணலாம். ஏற்பிக்கும் திரவத்தின் மேற்பரப்புக்கும் இடையே உருவாகும் நிலை அலையே இதன் காரணம். உறுதிப்படுத்த எளிய வழி உண்டு: ஒரு முழு ஏற்ற இறக்கத்துக்கு மட்டம் அரை அலைநீளம் இறங்க வேண்டும், அதாவது 22 கிகாஹெர்ட்ஸில் 6.8 மில்லிமீட்டர், 58 கிகாஹெர்ட்ஸில் 2.6 மில்லிமீட்டர். கொள்கலனின் உட்சுவரில் ஓர் அளவுகோலை ஒட்டிவைத்து, மட்டம் இறங்கிய அளவையும் அலைகளின் எண்ணிக்கையையும் ஒப்பிட்டால் ஐயம் தீர்ந்துவிடும். இரு அலைவரிசைகளின் அலைகளும் இந்த விகிதத்தில் அமையாவிட்டால், நிலை அலையைக் குறை சொல்லாமல் ஏற்பியின் பெருக்க ஏற்ற இறக்கத்தைத் தேடவும். நிலை அலைதான் என்றால், முழு அலை ஒன்று கடந்து முடியும்வரை அளந்து சராசரி எடுப்பது போதுமானது. கையேட்டில் சொன்ன குறுகிய நேரத்தோடு நிறுத்திக்கொண்டால், அந்த நொடியில் அலை எங்கே நின்றதோ அந்தப் பிழை அடுத்த அளவுத்திருத்தம்வரை எல்லாத் தரவிலும் உறைந்துவிடும்.

அறிகுறி: சாய்வு வருடலில் இருபக்கமும் ஒத்துப்போகவில்லை

நீராவி அலைவரிசைகளைத் திரவ நைட்ரஜன் இல்லாமலேயே சரிபார்க்கச் சாய்வு வருடல், அதாவது ஏற்றக்கோணத்தைப் படிப்படியாக மாற்றி வானத்தை நோக்குவது, உதவுகிறது. ஏற்றக்கோணம் 90 பாகையிலிருந்து 30 பாகைக்கு இறங்கும்போது காற்றுப்பாதை இருமடங்காகிறது. எனவே ஒளியியல் தடிமனும், அதாவது அந்தப் பாதையிலுள்ள காற்று கதிர்வீச்சை எவ்வளவு உட்கவர்கிறது என்பதன் அளவும், இருமடங்காக வேண்டும். காற்றுப்பாதைக்கு எதிராக ஒளியியல் தடிமனை வரைந்தால் வரும் நேர்கோடு, காற்றுப்பாதை சுழியாகும் இடத்தில் சுழி வழியே செல்ல வேண்டும். அதற்கு அப்பால் இருப்பது 2.7 கெல்வின் அண்டப் பின்னணிக் கதிர்வீச்சு மட்டுமே.

எதிரெதிர்த் திசைகளில் ஒரே கோணத்தில் எடுத்த அளவுகள் வேறுபட்டால், கருவி மட்டமாக நிற்கவில்லை என்பதை முதலில் ஐயுறவும். உச்சியில் ஒளியியல் தடிமன் 0.1 உள்ள வானத்தில், 1 பாகைச் சாய்வு 30 பாகை ஏற்றக்கோணத்தில் ஒரு பக்கம் 1.3 கெல்வின் கூட்டியும் மறுபக்கம் அதே அளவு குறைத்தும் காட்டும். ஆனால் சென்னை போன்ற கடற்கரை நகரில் இன்னொரு காரணமும் உண்டு: கடற்காற்று நுழையும் நேரத்தில் கிழக்கு வானமும் மேற்கு வானமும் உண்மையிலேயே வேறுவேறு ஈரப்பதம் கொண்டவை. இரண்டையும் பிரித்தறிவது கடினமல்ல. கருவியின் சாய்வு நாள் முழுவதும், எல்லா நாளும் ஒரே குறியில் நிற்கும். கடற்காற்றின் விளைவு சில மணிநேரம் தோன்றி மறையும். கருவியை 180 பாகை திருப்பி வைத்தால், சாய்வுப் பிழை கருவியோடு திரும்பும், வானத்தின் வேறுபாடு திரும்பாது. அத்தகைய இடங்களில் காற்று அடங்கிய பின்னிரவு வருடல்களை மட்டுமே அளவுத்திருத்தத்துக்கு எடுக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.

இருபக்கமும் ஒத்துப்போய், தாழ்ந்த கோணங்களில் மட்டும் கோடு மேல்நோக்கி வளைந்தால், கற்றையின் விளிம்பு மரத்தையோ கட்டடத்தையோ தொடுகிறது. அந்தக் கோணங்களைக் கைவிடவும். சாய்வு வருடலை 54 கிகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசைகளுக்குப் பயன்படுத்த முயல வேண்டாம். அங்கே வளிமண்டலம் முழுவதுமாக மறைத்து நிற்பதால் கோணம் மாறினாலும் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு எதுவும் மாறாது.

அறிகுறி: 51 முதல் 53 கிகாஹெர்ட்ஸ் வரை மட்டும் விலகல்

உழைப்பு அதிகம் வீணாகும் இடம் இதுதான். நீராவி அலைவரிசைகள் ஒத்துப்போகின்றன, 56 கிகாஹெர்ட்ஸுக்கு மேலும் ஒத்துப்போகின்றன, இடைப்பட்ட அலைவரிசைகளில் மட்டும் ஓரிரு கெல்வினோ அதற்கு மேலோ விலகல் நிற்கிறது. உடனே கருவியைக் குற்றம் சொல்லும் முன், அளவுத்திருத்த நாட்களைக் குறித்துக்கொண்டு, விலகலை நீண்ட காலத்துக்கு வரைந்து பார்க்கவும். ஒவ்வோர் அளவுத்திருத்தத்தின்போதும் விலகல் புதிய மதிப்புக்குத் தாவினால், பிழை அளவுத்திருத்தத்தில் உள்ளது. அளவுத்திருத்தங்கள் பல கடந்தும் அது அசையாமல் நின்றால், பிழை கணக்கின் பக்கம் இருக்கவே வாய்ப்பு மிகுதி.

கணக்கின் பக்கம் தேட வேண்டியவை இரண்டு. முதலாவது, அலைவரிசையின் அகலம். 51 முதல் 54 கிகாஹெர்ட்ஸ் வரை ஆக்சிஜனின் உட்கவர்தல் செங்குத்தாக ஏறுகிறது. மைய அதிர்வெண் ஒன்றில் மட்டும் கணக்கிட்டால், பட்டையின் மேல்விளிம்பும் கீழ்விளிம்பும் ஒன்றையொன்று ஈடுசெய்யாது. உற்பத்தியாளர் அளந்து தந்த பட்டை வடிவத்தைக் கேட்டுப் பெற்று, அதன் மீது சராசரி எடுத்துக் கணக்கிட வேண்டும். மைய அதிர்வெண்ணே சற்று நகர்ந்திருந்தாலும் இதே பட்டைகளில்தான் முதலில் தெரியும்.

இரண்டாவது, உட்கவர்தல் மாதிரி. 60 கிகாஹெர்ட்ஸைச் சுற்றியுள்ள ஆக்சிஜனின் பல கோடுகள் தரைமட்ட அழுத்தத்தில் அகன்று ஒன்றன்மேல் ஒன்று படிகின்றன; மோதல்களால் அவை ஒன்றோடொன்று பிணைந்து, தனித்தனிக் கோடுகளின் கூட்டுத்தொகையிலிருந்து விலகிய வடிவம் கொள்கின்றன. இந்தப் பிணைப்பை ஒவ்வொரு மாதிரியும் வெவ்வேறு ஆய்வக அளவீடுகளைக் கொண்டு கணக்கிடுவதால், பட்டையின் ஓரத்தில், அதாவது இதே 51 முதல் 53 கிகாஹெர்ட்ஸில், அவை தமக்குள்ளேயே வேறுபடுகின்றன. ஒரே பலூன் தரவை லீபே 1993, ரோசன்க்ராந்ஸ் 1998, அதன் பின்வந்த திருத்தப் பதிப்பு ஆகிய உட்கவர்தல் மாதிரிகளில் தனித்தனியே ஓட்டவும். மாதிரிகளுக்கிடையே உள்ள இடைவெளி உங்கள் விலகலின் அளவுக்கே இருந்தால், கருவியைத் திருத்த உங்களிடம் ஆதாரம் இல்லை. அந்நிலையில் மாதிரிக்கு ஏற்பக் கருவியை வளைப்பது, அளவீடு சொல்லவந்ததை அழித்துவிடும். விலகலைத் திருத்தித்தான் ஆகவேண்டும் என்றால், அதைத் தனிக் கோப்பில், எந்த மாதிரி, எந்தப் பதிப்பு, எந்த அளவுத்திருத்தம் என்ற குறிப்புடன் வைக்கவும். மூல ஒளிர்வு வெப்பநிலையைத் தொட வேண்டாம்.

அறிகுறி: எல்லா வெப்பநிலையிலும் சமமான, அதிர்வெண்ணோடு கூடும் விலகல்

22 கிகாஹெர்ட்ஸில் 0.5 கெல்வின், 31-இல் 0.7, 58-இல் 1.4 என்று அளவீடு கூடுதலாகத் தெரிந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். மாதிரி, பிளாங்கின் கதிர்வீச்சு விதியை எளிமையாக்கிய ரேலே-ஜீன்ஸ் தோராயத்தில் விடை தருகிறது. கருவியோ பிளாங்க் விதிப்படி சமமான வெப்பநிலையைத் தருகிறது. இரண்டுக்கும் உள்ள இடைவெளி அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்தில் வளரும். 183 கிகாஹெர்ட்ஸில் அது 4.4 கெல்வின். ஒரே வரையறைக்கு இரண்டையும் கொண்டுவந்தால் விலகல் முழுவதும் மறைந்துவிடும். அதோடு, பலூன் வெடித்த உயரத்துக்கு மேல் வளிமண்டலத்தை, உயரத்தோடு வெப்பநிலையும் ஈரப்பதமும் மாறும் ஒரு நியம வடிவத்தால் நிரப்பியிருக்கிறீர்களா என்பதையும், ஒப்பு ஈரப்பதம் நீரின் மீதா பனிக்கட்டியின் மீதா என்பதையும் பார்த்துவிடவும்.

அறிகுறி: இரு முனைகளும் சரி, நடுவில் மட்டும் வளைவு

ஏற்பியின் கண்டறியும் பகுதி, வரும் ஆற்றலுக்கு நேர்விகிதத்தில் மின்னழுத்தம் தரவில்லை. இரண்டு புள்ளிகளால் இதைக் காணவே முடியாது. ஏற்பிக்குள் நிலையான அளவு இரைச்சலைச் சேர்க்கும் இரைச்சல் டயோடை இயக்கியும் நிறுத்தியும் இரு இலக்குகளையும் நோக்கினால் நான்கு புள்ளிகள் கிடைக்கும். டயோடு சேர்க்கும் வெப்பநிலை இரு இலக்குகளிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பதிலிருந்து வளைவைக் கணக்கிடலாம்.

அறிகுறி: மழை நின்ற பின்னும் அளவீடு இறங்கவில்லை

ரேடோமின், அதாவது கருவியை மூடிக் காக்கும் நுண்ணலை ஊடுருவும் தாளின், மீது நீர்ப்படலம் நிற்கிறது. வானம் தெளிந்த பிறகும் நீராவி அலைவரிசைகள் உயர்ந்தே இருந்து, மெல்ல இறங்கும். 58 கிகாஹெர்ட்ஸ் ஏறத்தாழ அசையாது, ஏனெனில் நீர்ப்படலத்தின் வெப்பநிலையும் காற்றின் வெப்பநிலையும் ஒன்றே. விடியற்காலையில் மழையே இல்லாமல் இது நிகழ்ந்தால், பனித்துளி படிகிறது என்று பொருள். ஊதுவிசிறி ஓடுகிறதா, அதன் சூடேற்றி வேலை செய்கிறதா என்பதைக் கையை வைத்தே அறியலாம். ஒரு குவளை நன்னீரை ரேடோமின் மீது ஊற்றிப் பார்க்கவும். நீர் முத்துகளாகத் திரண்டு உருண்டோடினால் தாள் நன்றாக உள்ளது. பரவி ஒட்டிக்கொண்டால், கழுவிப் பயனில்லை, மாற்ற வேண்டும். கடல் உப்பு படியும் இடங்களில் தாளின் ஆயுள் உற்பத்தியாளர் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கும்.

அறிகுறி: ஓரிரு அலைவரிசைகளில் மட்டும் திடீர் உயர்வுகள்

வளிமண்டலம் அருகருகே உள்ள அலைவரிசைகளைச் சேர்த்தே உயர்த்தும். ஒன்று மட்டும் துள்ளினால் அது மனிதர் எழுப்பும் குறுக்கீடு. ஹாட்ப்ரோவின் 25.44, 26.24 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைகள் 5ஜி சேவைக்கு ஒதுக்கிய 24.25 முதல் 27.5 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்குள்ளேயே விழுகின்றன. இந்தியாவிலும் 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை 2022-இல் ஏலம் விடப்பட்டது. திசைகோணத்துக்கு எதிராக உயர்வுகளை வரைந்தால் கோபுரம் இருக்கும் திசை தெரிந்துவிடும். அந்தத் திசையைத் தவிர்க்கவும். முடியாவிட்டால், ஒளிர்வு வெப்பநிலையிலிருந்து நீராவியையும் வெப்பநிலையையும் பெறும் மீட்டெடுப்புக் கணக்கில் அந்த அலைவரிசைகளை விட்டுவிட்டு மற்றவற்றால் புதிதாகக் கெழுக்களைக் கணக்கிடவும்.

அறிகுறி: இரைச்சல் எதிர்பார்த்ததைவிட அதிகம்

எதிர்பார்ப்பை முதலில் எழுதிக்கொள்ளவும். மொத்த அமைப்பு வெப்பநிலை 700 கெல்வின், பட்டை அகலம் 230 மெகாஹெர்ட்ஸ், சேர்ப்பு நேரம் 1 நொடி என்றால், முதலதை மற்ற இரண்டின் பெருக்கற்பலனின் வர்க்கமூலத்தால் வகுக்க 0.05 கெல்வினுக்குச் சற்றுக் குறைவாக வரும். வெப்ப இலக்கை நோக்கி வைத்து, சேர்ப்பு நேரத்தைப் படிப்படியாகக் கூட்டி ஆலன் மாறுபாட்டை, அதாவது அடுத்தடுத்த சராசரிகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகின்றன என்பதன் அளவை, வரையவும். நேரம் கூடக்கூட இரைச்சல் குறைந்து, ஓரிடத்தில் நின்று, மீண்டும் ஏறத் தொடங்கும். அந்தத் திருப்பம் சில நொடிகளிலேயே வந்துவிட்டால் பெருக்கம் நிலையாக இல்லை. பெருக்கத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மாற்றமே 0.07 கெல்வினாகத் தெரியும். ராபர்ட் டிக்கி 1946-இல் அறிமுகப்படுத்திய மாற்றுவிசை முறை இதற்காகவே எழுந்தது: ஆன்டெனாவையும் ஓர் ஒப்பீட்டு இலக்கையும் விரைவாக மாற்றி மாற்றி நோக்கினால் பெருக்கத்தின் மெதுவான நகர்வு நீங்கிவிடும், விலையாக இரைச்சல் இருமடங்காகும். திருப்பம் பகலில் மட்டும் முன்னதாக வந்தால், ஏற்பியின் வெப்பநிலைக் கட்டுப்பாடு தன் எல்லையைத் தொடுகிறது. உள்வெப்பநிலைப் பதிவில் அது நேரடியாகத் தெரியும்.

செயற்கைக்கோள் கருவிகளில் மட்டும்

சுற்றுப்பாதையில் ஏறும் பகுதியும் இறங்கும் பகுதியும் ஒரே கடலுக்கு வேறு வேறு மதிப்பு தந்து, குளிர்ந்த காட்சிகளில் கூடுதல் பெரிதாகத் தெரிந்தால், எதிரொளிப்பான் தானே கதிர்வீசுகிறது. 1997 நவம்பரில் ஏவிய டிஆர்எம்எம் என்ற மழை அளக்கும் செயற்கைக்கோளின் டிஎம்ஐ நுண்ணலைக் கருவியில் இதுதான் நிகழ்ந்தது; 1998-இல் செயற்கைக்கோளையே திருப்பி முதன்மைக் கற்றையை வெற்று விண்வெளியை நோக்க வைத்தபோது, அது அண்டப் பின்னணியைவிடக் கூடுதலாகக் காட்டியது. 2003-இல் ஏவிய எஃப்-16 என்ற அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோளின் எஸ்எஸ்எம்ஐஎஸ் நுண்ணலைக் கருவியில் இதனோடு வெப்ப இலக்கின் மீது வெயில் விழும் சிக்கலும் சேர்ந்தது: இலக்கின் முகம் சூடேறுகிறது, உள்ளே பதித்த வெப்பமானிகள் அதை உணரவில்லை, அதனால் காட்சிகள் குளிர்ந்ததாகக் கணக்காகின்றன. 2014 பிப்ரவரியில் ஜிபிஎம் என்ற மழை அளக்கும் செயற்கைக்கோளில் விண்ணுக்குச் சென்ற ஜிஎம்ஐ கருவியில் வெப்ப இலக்கை வெயிலிலிருந்து மறைத்ததும், இரைச்சல் டயோடுகளைச் சேர்த்ததும் இந்த அனுபவங்களின் விளைவே. இத்தகைய பிழையைத் தேட, விலகலைச் சூரியனின் கோணத்துக்கு எதிராகவும், சுற்றுப்பாதையில் செயற்கைக்கோள் இருக்கும் நிலைக்கு எதிராகவும் வரைய வேண்டும். நாட்காட்டிக்கு எதிராக வரைந்தால் எதுவும் தெரியாது.

மாதந்தோறும் சில நாட்கள் மட்டும், சுற்றுப்பாதையில் ஒரே இடத்தில், எல்லா அலைவரிசைகளும் சற்றுக் குளிர்ந்து தெரிந்தால், விண்வெளியை நோக்கும் குளிர்க் கற்றைக்குள் நிலவு வந்திருக்கிறது. அந்த வருடல் வரிகளில் விண்வெளியை நோக்கி எடுத்த மூல அளவுகளை விலக்கி, நிலவு நுழையுமுன்னும் விலகிய பின்னும் உள்ள வரிகளிலிருந்து இடைமதிப்பிட்டு நிரப்பினால் போதும்.